தங்கத்தாய் டீச்சருக்கு ஒரு சீலிங்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் செந்தூர்பாண்டி என் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். கையில் அளவு டேப். "அண்ணாச்சி, ஒரு வேனுக்கு உள்ள, மேல, சீலிங் அடிக்கணும். என்ன சாமான் போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டான்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. இந்த வயதில் ஆட்கள் நம்மிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா. மூன்றாவதாக ஒருவன் ஒரு கேள்வி கொண்டுவந்து, அதுவும் அளவு டேப்போடு நின்று கேட்டால், தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"கொழும்புல இருந்தப்போ பதினோரு வேனுக்குச் சீலிங் போட்டுருக்கேன்" என்றேன்.

கொழும்பில் நான் இருந்தது மூன்று நாள். மூன்று நாளும் வயிற்றுப்போக்கு. லாட்ஜில் மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே சீலிங் பற்றி எனக்கு அனுபவமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

அன்றிலிருந்து ஆறு வாரம் செந்தூர்பாண்டி என்னை விடவில்லை. அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்தேன். இது ஏழாவது பிரதி. எழுத உட்காரும் முன் வேன் மட்டும்தான் குழப்பமாக இருந்தது.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை மறைக்காமல் கீழே தருகிறேன்.

"துறைமுகத்துக்கு மேலே சூரியன் எழும்பும்போது செந்தூர்பாண்டி தன் வேனின் கதவைத் திறந்து—"

(அவன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததை நான் பார்த்ததில்லை.)

"கூரை என்பது மனிதன் வானத்துக்கு எழுதிய—"

(இதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் அடித்துவிட்டால் நான் யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.)

"செந்தூர்பாண்டி ஒரு வேன் வாங்கினான்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

செந்தூர்பாண்டி ஒரு வேன் வாங்கினான். கூரியர் கம்பெனி ஓட்டிக் கழித்த பழைய வேன். பின்பக்கம் ஜன்னல் கிடையாது. நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் அவன். கப்பலில் ஏறும் மூட்டையை, இறங்கும் பெட்டியை எண்ணி எழுதுவது வேலை. எது ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று ஒருநாளும் அவனை யாரும் கேட்டதில்லை. எண்ணுவதோடு சரி. இப்போது அவனாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது தகரத்துக்குக் கீழே என்ன ஒட்டுவது என்பதாக வந்து விடிந்தது.

வேன் அவன் மனைவிக்காக. தங்கத்தாய் டீச்சர் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவர். ஒவ்வொரு வருடமும் தென்மேற்குப் பருவக்காற்றை நடத்துவார். அரபிக்கடலில் கிளம்பி, கேரளத்தில் மோதி, மலையின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும் காற்று. நாமெல்லாம் மழை மறைவுப் பகுதி. அந்த மழை பிடிப்பது ஜூன் பிறக்கையில். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன் பிறக்கையில். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் மழை அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே டீச்சர் வேர்க்க விறுவிறுக்க போர்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு தடவை.

ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தார்கள். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் முதுகுத்தண்டில் தட்டு விலகியது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. நிற்கலாம், கொஞ்சம் நடக்கலாம், படுக்கலாம்.* வருகிற செப்டம்பரில் ஆபரேஷன். "அதுக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு இப்பவே சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனவே இந்த ஜூன். படுத்தபடியே போக ஒரு வண்டி. இதுதான் கதை. இதை விட்டு நான் எங்காவது போனால் சட்டையைப் பிடித்து இழுங்கள்.

* ரயிலில் படுத்துப் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ரயிலு மழையைத் தாண்டிப் போயிரும் அண்ணாச்சி. நிக்காது. எனக்கு மழைக்குள்ள கிடக்கணும்" என்றார் டீச்சர்.

3

கட்டில் போட்டாயிற்று. தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு, காற்றாடி எல்லாம் ஆயிற்று. காற்றுக்காக மேலே ஒரு சதுரம் வெட்டி வலை அடித்தாயிற்று. செய்தவன் ரெனிஷ். நாசரேத்துக்காரன், முப்பத்தைந்து வயது, ஆம்னி பஸ்ஸுக்கு உள்வேலை செய்து பழகியவன். மிச்சம் சீலிங் மட்டும். ஆனால் அந்த வேனில் பயணம் போகிறவருக்கு ஜன்னல் இல்லை. படுத்துக் கிடப்பவருக்குச் சீலிங்தான் ஊர், சீலிங்தான் சாலை. செந்தூர்பாண்டியைத் தூங்கவிடாமல் செய்தது அந்த யோசனை. தப்பான ஒன்றை ஒட்டிவிட்டு, அவள் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு "நான் வரல" என்று சொல்லிவிட்டால்?

போதாததற்கு வெயில். மே மாதம் அந்தத் தகரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உட்கார்ந்தது தெரியும். எழுந்தபோது நடையே மாறிவிட்டது. இப்போதும் எங்கள் தெருவில் அது ஒற்றைக் காலில்தான் இறங்குகிறது. இன்னொரு காலை ஊதிக்கொள்கிறது.

"சார், நுரை ஷீட்டு ஒட்டி, அதுக்கு மேல பிவிசி பலகை அடிச்சிருவோம். துடைச்சா போதும்" என்றான் ரெனிஷ்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே லே."

"அப்ப பிளைவுட்டு?"

"கடல்காத்துக்கு உப்பிரும்."

"கண்ணாடிப் பஞ்சு?"

"அவ மேல ஒரு தூசி உதிர்ந்தா நாள் பூரா சொறியணும். வேண்டாம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். நான் ஒட்டுதேன். எனக்கென்ன."

செந்தூர்பாண்டி சொல்லவில்லை. என்னிடம் வந்தான். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னேன். விசைப்படகுக்கு ஃபைபர் அடிக்கிறவரிடம் போகச் சொன்னேன். அவர் ஒரு சாக்கு அகலத்துக்கு ஒட்டிக் காட்டினார். மறுநாளிலிருந்து வண்டி பீச் ரோட்டில் தெற்கே போனால் இடப்பக்கமும் வடக்கே போனால் வலப்பக்கமும் இழுத்தது. இரண்டும் கடல் பக்கம். சுரண்டி எடுத்த பிறகுதான் நேராகப் போயிற்று.

இன்னொரு நாள், "பேசாம பாய் போடுடே" என்றேன். கோரைப்பாயைத்தான் சொன்னேன். அவன் நேரே பழைய துறைமுகத்துக்குப் போய்த் தோணியில் கட்டுகிற பாயில் கிழிந்த ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். வழியில் சந்தேகம் வந்து ஒரு கோரைப்பாயும் வாங்கியிருந்தான். இரண்டையும் என் வாசலில் விரித்துப் போட்டு, "இதுல நீங்க சொன்ன பாய் எது அண்ணாச்சி?" என்று கேட்டான்.

எனக்கும் அப்போது மறந்துவிட்டிருந்தது.

4

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒன்று உறைத்தது. மூன்று பகுதி ஆயிற்று. செந்தூர்பாண்டி பேசுகிறான், ரெனிஷ் பேசுகிறான், நான் அளவுக்கு மேல் பேசுகிறேன். அந்தச் சீலிங்குக்குக் கீழே படுக்கப்போகிறவர் ஓர் அடிக்குறிப்பில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, செந்தூர்பாண்டியை அவரிடம் கேட்க வைப்போம் என்று இப்படித் தொடங்கினேன்:

"செந்தூர்பாண்டி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, 'தங்கம், உனக்கு எப்படிப்பட்ட சீலிங்—'"

பேனா ஓடவில்லை. பொய் எழுதுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது, அது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் பொய்க்குச் செந்தூர்பாண்டி வாயைத் திறக்க மறுத்துவிட்டான். அவன் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை. அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை.

4 (நடந்தபடி)

அவன் துண்டு துண்டாக வெட்டிய மாதிரிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போனான், பெண் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிறவனைப் போல. டீச்சர் பலகைக் கட்டிலில் படுத்து செல்போனில் வானிலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அரபிக்கடலுக்கு மேலே வெள்ளையாக ஏதோ சுருண்டிருந்தது.

"ஏளா, இதுல எது பிடிச்சிருக்கு?"

டீச்சர் தட்டைப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. உங்க இஷ்டம்."

"இல்ல, நீதானே படுக்கப் போற."

"படுக்கத்தானே போறேன். முதல்ல கிளம்புவோம்."

செந்தூர்பாண்டிக்கு இது சம்மதமாகவும் பட்டது, கோபமாகவும் பட்டது. வெளியே வந்து நின்று யோசித்தான். அவளுக்கு என்ன வேண்டும்? வலி இல்லாமல் கிடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், குளுகுளு என்று இருக்க வேண்டும். வேறென்ன இருக்க முடியும்? தெளிவு பிறந்துவிட்ட சந்தோஷத்தில் ரெனிஷுக்குப் போன் போட்டான்.

"ரெனிஷ், என்ன சாமான்னாலும் போடு. நமக்கு ரெண்டே ரெண்டுதான். வெக்கை இறங்கக் கூடாது. மழை எவ்வளவு அடிச்சாலும் உள்ள ஒரு சத்தம் கேக்கக் கூடாது. அவ நிம்மதியா தூங்கணும்."

"அப்படின்னா நுரை ஷீட்டு ரெண்டு அடுக்கு சார். மேல இடி விழுந்தாலும் தெரியாது."

"அதான் வேணும்" என்றான் செந்தூர்பாண்டி.

(நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. நான் அன்றைக்கு அடித்துக்கொள்ளவில்லை. "பிரமாதம், கொழும்புல அப்படித்தான் போடுவோம்" என்றேன்.)

5

இந்த இடத்தில் ரெனிஷின் பட்டறைக் கூரை காற்றில் பறந்துவிட்டது. கதைக்காகப் பறக்கவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மே கடைசியில் எங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஒரு வேலையே இல்லை. வேனுக்குச் சீலிங் போட வேண்டியவன் தன் தலைக்குமேல் சீலிங் இல்லாமல் நின்றான். பசை காய நிழல் வேண்டும். செந்தூர்பாண்டிக்கு மகாராஜா ஞாபகம் வந்தான்.

மகாராஜா என்பது பேர்தான். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். சரக்கு ஏற்றி முடித்த கன்டெய்னரின் கதவில் இரும்புச் சீல் மாட்டி, அதன் நம்பரைப் பதிவேட்டில் ஏற்றுவது அவன் வேலை. அவனும் செந்தூர்பாண்டியும் பழைய சிநேகிதர்கள். போனில் பேசியது இது:

"ஏலே மகாராஜா, நாளைக்கு நம்ம வேனை உன் செட்டுல நிறுத்திக்கிடட்டா? சீலிங் பண்ணணும்."

"சீலிங்தானே? இதுக்குப் போயி கேக்கீங்களே அண்ணாச்சி. பத்து நிமிசம். நானே முடிச்சுத் தாரேன்."

"பத்து நிமிசமா? ரெனிஷ் மூணு நாளுன்னானே!"

"எவன் அவன்? நான் ஒரு நாளைக்கு நாப்பது பண்ணுதேன்."

"சாமான்?"

"எல்லாம் எங்கிட்ட இருக்கு. நம்பர் அடிச்ச சாமான். உடைக்கவே முடியாது."

செந்தூர்பாண்டி மலைத்துப் போனான். நம்பர் அடித்த சாமான் என்றால் முதல் தரமாகத்தான் இருக்க வேண்டும். "வெளிய இருந்து உள்ள ஒண்ணும் வராதுல்லா?"

"ஒரு ஈ நுழையாது."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, எல்லாம் நல்லபடியா அமைஞ்சிட்டு" என்றான். ஆறு வாரத்தில் அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.*

* உள்கூரைக்கும் சீலிங், பூட்டி முத்திரை வைப்பதற்கும் சீலிங். தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரே எழுத்து, ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. முப்பத்துநான்கு வருடம் சீலுக்கு நடுவிலேயே நின்றவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று பிறகு கேட்டேன். "மண்டை பூரா சீலிங் இருந்துச்சி அண்ணாச்சி. அதான் சீலிங்குக்கு இடமில்லாமப் போச்சி" என்றான். இதை விளக்கச் சொல்லாதீர்கள்.

6

மறுநாள் காலை ஒன்பது மணி. செட்டு நிறைய இயந்திரப் பெட்டிகள் கிடந்ததால், வெளியே சுவரோரமாக வேனை நிறுத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்கரி மலை மலையாகக் கொட்டிக்கிடந்தது.

டீச்சரும் வந்திருந்தார். "ஒரு தடவை உள்ள படுத்துப் பாக்கேன்" என்று அவராகவே சொல்லி வந்தார். ரெனிஷ் மேலே ஓரமாக மூன்று மாதிரிகளை டேப் போட்டு ஒட்டிவைத்தான்: நுரை ஷீட், கோரைப்பாய், பிவிசி. மற்ற இடமெல்லாம் மொட்டைத் தகரம். டீச்சர் படுத்தார். காற்று எழும்பிக் கரித்தூள் உள்ளே வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. பத்து நிமிசம் நான் பாத்துக்கிட்டுக் கிடக்கேன்."

சாத்திவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அந்த நேரத்தில் மகாராஜா வந்தான். சொன்ன வண்டி நிற்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. கொண்டியில் இரும்புச் சீலை நுழைத்து ஓர் அழுத்து. நம்பரைப் பதிவேட்டில் ஏற்றினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

செந்தூர்பாண்டி திரும்பி வந்து கதவைப் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு, புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"என்ன லே இது?"

"சீலிங்" என்றான் மகாராஜா. "பாருங்க, எம்புட்டு கச்சிதமா உக்காந்திருக்கு!"

"உள்ள என் பொண்டாட்டி இருக்கா லே!"

மகாராஜா பதிவேட்டைப் பார்த்தான். "சரக்கு என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணாச்சி."

"திற லே!"

"இது பூட்டு இல்ல, திறக்க. வெட்டத்தான் செய்யணும். நம்பர் வேற ஏத்தியாச்சி. வெட்டணும்னா ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டரு—"

"லெட்டரா? நான் உன்னை வெட்டுதேன் பாரு இப்போ!"

"சரி சரி, கோவப்படாதீங்க. கட்டர் நாலாம் நம்பர் செட்டுல கிடக்கு. எடுத்தாரேன்." மகாராஜா ஓடினான். ஐம்பத்தெட்டு வயதில் அவன் ஓடியதை ஓட்டம் என்று எழுத என் கை கூசுகிறது.

செந்தூர்பாண்டி கதவைத் தட்டினான். "ஏளா! தங்கம்! பயப்படாதே!" பதில் இல்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப்பைப் போட்டார்கள். காற்றடித்தால் கரித்தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். உயரக் குழாயிலிருந்து வட்டமாகச் சுற்றி அடிக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மொத்தத் தண்ணீரும் சுவரைத் தாண்டி வேனின் மேல் வந்து விழுந்தது. தகரம் அதிர்ந்தது. சடசட என்று தொடங்கி, அப்புறம் ஒரே இரைச்சல். ரெனிஷ் காதைப் பொத்திக்கொண்டான்.

செந்தூர்பாண்டி நனைந்துகொண்டே டீச்சரின் செல்போனுக்கு அடித்தான். உள்ளே மணி அடித்தது லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி அடித்தான். மறுபடியும் நின்றது.

"மயங்கிட்டா ரெனிஷ். மயங்கிட்டா."

"மயங்கினவங்க எப்படி சார் கட் பண்ணுவாங்க?"

அது ஆறுதலாக இல்லை. மேலும் குழப்பமாக இருந்தது. கட்டர் வரப் பிடித்த அந்த இருபது நிமிடத்தில், அவள் இனி அந்த வேனில் ஏறவே மாட்டாள், இந்த ஜூன் போயிற்று, செப்டம்பருக்கு அப்புறம் எதுவும் நிச்சயமில்லை என்று செந்தூர்பாண்டி முடிவுகட்டிவிட்டான். தண்ணீருக்குள் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது. அழுதானா என்று கேட்டேன். கரித்தண்ணி கண்ணில் பட்டது என்றான்.

மகாராஜா கட்டரோடு வந்தான். சீல் விண்டது. கதவைத் திறந்தார்கள்.

டீச்சர் படுத்தபடியே இருந்தார். மேலே வலை வழியாகச் சொட்டிய தண்ணீர் நெற்றியில் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தார்.

"யாரு திறக்கச் சொன்னா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லம்மா, சீலிங்குனு சொன்னாரு, நான் சீலிங்குனு நினைச்சி..." என்று மகாராஜா ஆரம்பித்தான்.

"அது மழை இல்ல ளா" என்றான் செந்தூர்பாண்டி, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "கரிக்குத் தண்ணி அடிக்கானுவ."

"தெரியும். பருவமழைக்குக் கரி வாசம் கிடையாது." டீச்சர் ஒட்டிய மாதிரிகளைப் பார்க்கவில்லை, மொட்டைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருசம் ஒரு பய கேட்டான். டீச்சர், அங்க பெய்யுத மழையும் நம்ம ஐப்பசி மழை மாதிரிதான் சத்தம் போடுமான்னு. ஆமாடேன்னேன். ஆமாவா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன்."



"மேல ஒண்ணும் ஒட்டாதீங்க" என்றார். பிறகு, "அங்கன பம்ப்பை நிப்பாட்டிட்டானுவளா? இன்னும் ரெண்டு நிமிசம் அடிக்கச் சொல்லுங்களேன்."

7

இங்கே கதையை முடித்திருந்தால் நான் கெட்டிக்காரன். ஆனால் வெயில் முடியவில்லையே.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ரெனிஷ் மொட்டைத் தகரத்துக்குக் கீழே, கட்டில் உயரத்தில், ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டான். நாற்பத்தொன்பது காட்டியது. நுரை ஷீட் ஒட்டிய வேறொரு வேனில் முப்பத்தெட்டு. டீச்சருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வேறு. அரைமணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி அவர் இறங்கி நடக்க வேண்டும். விடியக் கிளம்பினாலும் தென்காசிக்கு முன்னால் உச்சி வெயில் வந்துவிடும். இரவில் போகலாம் என்றால் செந்தூர்பாண்டிக்கு எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் தெரியாது. ஒட்டினால் மழை கேட்காது. ஒட்டாவிட்டால் மழை வரை போய்ச் சேர முடியாது.

"கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிருவோமா சார்?" என்றான் ரெனிஷ். "பதினெட்டு திருகாணி. மலை ஏறினதும் கழட்டிருங்க."

செந்தூர்பாண்டி கையைத் தூக்கிக் காட்டினான். தோளுக்கு மேலே போகவில்லை. இரண்டு வருடமாக அப்படித்தான். அந்தக் கையோடு, தலைக்கு மேலே, பதினெட்டு. அதுவரை மழை காத்திருக்குமா?

"பாதிக்கு ஒட்டுவோம்" என்றேன் நான்.

"பாதி வெக்கை, பாதி மழையா அண்ணாச்சி?" என்றார் டீச்சர். "பரீட்சையில கூட நான் அரை மார்க்கு போட்டதில்ல."

மூன்று முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. இரண்டு அடுக்கு நுரை. சுகமாகப் போய்ச் சேர்கிறார்கள். மேலே மழை கொட்டுகிறது. உள்ளே காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது. செந்தூர்பாண்டி, "எப்படி இருக்கு?" என்கிறான். "நல்லாருக்குங்க" என்கிறார் டீச்சர். (இதை எழுதிவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

முடிவு இரண்டு. மொட்டைத் தகரம். கங்கைகொண்டான் வெயிலில் டீச்சருக்குத் தலை சுற்றி— (கங்கைகொண்டான் அந்த வழியிலேயே இல்லை. எனக்குப் பதற்றத்தில் ஊர் மாறிவிட்டது. எந்த ஊராக இருந்தாலும் இதை முடிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று. திருகாணி. பதினொன்றைக் கழற்றியபோது மழை

8

மே கடைசி வாரம் எனக்குத் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன். நான்கு நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பார்த்தால் பக்கத்து வாசலில் வேன் இல்லை. வீடு பூட்டியிருந்தது. ஆறு வாரம் ஆலோசனை சொன்னவன் நான். கடைசியில் என்ன போட்டார்கள் என்று எனக்கே தெரியாது.

ரெனிஷிடம் போனேன். "சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க அண்ணாச்சி. 'அவரு கதை எழுதுதாரு, அவரே கண்டுபிடிக்கட்டும்'னாங்க."

"கொழும்புல பதினோரு வேனுக்குப் போட்டவன்டே நான்!"

"அப்ப ஈசியா கண்டுபிடிச்சிரலாம்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

அவன் பட்டறையைக் கண்ணால் துழாவினேன். நுரை ஷீட் சுருளில் ஒரு பெரிய துண்டு வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய துண்டில் பாதி மூலையில் கிடந்தது. தோணிப் பாயைக் காணவில்லை. கோரைப்பாயில் ரெனிஷ் உட்கார்ந்திருந்தான். திருகாணி டப்பா காலி. ஆனால் அது எப்போது காலியானதோ. எனக்கு ஒரு கண் வேறு இன்னும் சரியாகத் தெளியவில்லை. உங்களுக்கு இரண்டும் தெளிவாகத்தான் இருக்கும். கூட்டிக் கழித்து நீங்களே மேலே ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள், ஒட்டாமலும் விடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஜூன் ஆறாம் தேதி மதியம் மூன்று மணிக்குப் போன் வந்தது. செந்தூர்பாண்டி.

"அண்ணாச்சி, ஆரியங்காவு தாண்டி நிக்கோம்."

"டீச்சர் எப்படி இருக்கா?"

"இருக்கா, இருக்கா. நேத்து வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. மூணு நாளு காத்துக் கிடந்தோம். இப்பதான்..." மிச்சம் கேட்கவில்லை. ஏதோ ஓர் இரைச்சல் வந்து அவன் குரலை மூடிவிட்டது. போனை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான் போல. தோள் வரைக்கும்தான் தூக்கியிருப்பான்.

நான் போனைக் காதோடு அழுத்தினேன். தகரமா? பாயா? அப்பளம் பொரிகிற மாதிரியும் இருந்தது, ஒரு கூட்டமே கைதட்டுகிற மாதிரியும் இருந்தது. லாரிகூடப் போயிருக்கலாம். ஐப்பசி மழை மாதிரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. எழுபத்தெட்டு வருடம் மழையைக் கேட்டவனுக்குத் தெரியவில்லை.

"ஏலே, மேல என்னதான் போட்டிய? நுரையா, தகரமா? சொல்லு லே! நான் இங்க கதையை முடிக்கணும்!" என்று கத்தினேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

"அண்ணாச்சி, செத்த பேசாம இருங்க."

சரி டீச்சர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள்